புதுக்கோழிக்கு ஒரு மாதம் கொடுங்கள்



சென்ற மாதம் கிடைத்த கடிதங்களில் ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், கணவர் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய வளவில் ஒன்பது பேட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் நின்றிருக்கின்றன. ஒரே கிழமைக்குள் ஏழு பேடுகளும் சேவலும் செத்துப் போயின. மிஞ்சியவை இரண்டு பேடுகள். கடிதத்தின் ஒரு பகுதியை அவருடைய சொற்களிலேயே தருகிறோம்.

"கோழிதானே, இதுக்கு ஏன் அழுகிறாய் என்று அயலில் கேட்கிறார்கள். மூத்தவளின் ரியூசன் காசு அந்த முட்டையில்தான் போனது. குஞ்சு வாங்கி வளர்த்தால் முட்டையைக் காண ஐந்தாறு மாதம் செல்லும். அதனால் முட்டையிடுகிற பெரிய கோழியாக நாலு வாங்க யோசிக்கிறேன். கிழமைக் கடன் எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். வாங்கி, நிற்கிற இரண்டோடும் விடலாமா?"

சகோதரிக்கு எங்கள் பதில் இதுதான்: வளர்ந்த கோழி வாங்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் நாளைக்கே வாங்க வேண்டாம். வாங்கியவுடன் பழைய கோழிகளுடன் விடவும் வேண்டாம். கடனுக்கு வாங்கவே வேண்டாம். ஏன் என்பதை எல்லோருக்கும் பயன்படும் விதமாக இம்மாதம் எழுதுகிறோம்.

கோழிதானே?

நெல் விற்ற காசும் ஆடு விற்ற காசும் வீட்டுக்கு வரும்போது அதற்குப் பத்துச் செலவு வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். முட்டைக் காசு அப்படியல்ல. அது பெண்ணின் கையில் வந்து, பெண்ணின் கையாலேயே செலவாகும் காசு. கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் காய்ச்சல் குளிசைக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க உதவும் காசு. கையில் காசில்லாத நாளில் பிள்ளையின் சோற்றுக்கு ஒரு முட்டையாவது இருக்கும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, வீட்டை விட்டு வெளிக்கிட முதல் எங்களில் பலர் கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டின் கதவைத் திறந்து விட்டதுதான். அடைத்து வைத்தால் பசியில் செத்துவிடும், திறந்து விட்டால் மேய்ந்தாவது பிழைக்கும் என்ற எண்ணம். திரும்பி வந்து பற்றை மண்டிய வளவைத் துப்புரவாக்கியபோது, அந்த வளவுக்கு மறுபடியும் வீட்டுக் களையைக் கொண்டு வந்தவற்றில் கோழியும் ஒன்று. ஆகவே கூடு வெறுமையானால் மனம் கலங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கலக்கத்தில் அவசரப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நாங்கள் அறிந்த அக்கா ஒருவருக்கு 2012ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். அவருடைய பத்துக் கோழிகளில் நாலை நாய் பிடித்துவிட்டது. மற்ற ஆறும் நல்ல சுகமாக நின்றன. குறையை நிரப்ப, சந்தைக்குக் கொண்டுவந்த ஒருவரிடம் நாலு பேடு வாங்கினார். சிவந்த கொண்டை, மினுங்கும் இறகு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அன்று பின்னேரமே எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்தார். ஐந்தாம் நாள் ஒரு புதுக்கோழி இறகைத் தொங்கவிட்டுத் தூங்கியது. பச்சையாகக் கழிந்தது. பன்னிரண்டாம் நாள் கூட்டில் ஒன்றும் இல்லை. "நாய் தின்றது நாலு, என்ரை அவசரம் தின்றது பத்து" என்று அவர் இப்போதும் சொல்வார்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

புதுக்கோழியை நினைக்க முதல், பழைய கோழி ஏன் போனது என்று தெரிய வேண்டும். நாய், நரி, மரநாய், கீரி, பருந்து இவற்றால் போனது என்றால் கூட்டையும் வேலியையும் திருத்த வேண்டும். நோயால் போனது என்றால் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கடிதம் எழுதிய சகோதரி சொன்ன அறிகுறிகள் இவை: தீன் எடுக்காமல் தூங்கியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, பச்சை நிறமாகக் கழிந்தது, இரண்டு கோழிகளுக்குக் கழுத்து முறுகியது. இவை இராணிக்கெட் நோயின் அறிகுறிகள். இந்தியாவில் ராணிகேத் என்ற மலை ஊரின் பெயரால் இங்கு அழைக்கப்படும் இந்நோய்க்கு, இங்கிலாந்தின் நகரம் ஒன்றின் பெயரால் நியூகாசில் நோய் என்ற பெயரும் உண்டு. இது ஒரு வைரசினால் வருவது. வந்த பிறகு குணமாக்க மருந்து இல்லை. வராமல் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு. தொற்றிய கோழியில் அறிகுறி தெரிய 2 முதல் 15 நாட்கள் வரை செல்லும். பெரும்பாலும் 5, 6 நாட்களில் தெரியும். சந்தையில் நல்ல கோழியாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்த பின் சாவதற்குக் காரணம் இதுதான்.

வேறு நோய்களிலும் இதே அறிகுறிகளில் சில வரும். ஆகவே இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். நோய்க்கோழியை அறுத்து அயலுக்குப் பங்கு கொடுப்பதும், மலிவாக விற்பதும் வேண்டாம். அதன் இறகும் குடலும் போகும் வீட்டுக்கெல்லாம் நோயும் போகும். செத்த கோழியைக் கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வாய்க்காலிலோ பற்றைக்குள்ளோ எறிந்தால் நாயும் காகமும் அதை ஊரெல்லாம் கொண்டு திரியும்.

மிஞ்சிய கோழிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நோயில் தப்பிய கோழி சுகமாகத் தெரிந்தாலும் சில காலம் எச்சத்தில் கிருமியை வெளிவிடக் கூடும். முகமும் கண்ணும் வீங்கி, மூக்கால் நாற்றமுள்ள நீர் வடியும் சளி நோயில் தப்பிய கோழியோ நீண்ட காலம் நோயைக் காவித் திரியும். ஆபத்து புதுக்கோழியிலிருந்து பழையதற்கு மட்டுமல்ல, பழையதிலிருந்து புதியதற்கும் உண்டு.

கூட்டை ஆறவிடுங்கள்

நோயால் கோழி போன வீட்டில், கடைசிக் கோழி செத்த நாளிலிருந்து ஒரு மாதமாவது புதுக்கோழி கொண்டுவர வேண்டாம். அந்த மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

கூட்டின் எச்சத்தையெல்லாம் சுரண்டி எடுத்துப் புதையுங்கள். முட்டையிட வைத்த பழைய வைக்கலையும் சாக்கையும் எரித்துவிடுங்கள். எச்சம் கிடந்த இடத்தில் எதை அடித்தாலும் பலனில்லை. ஆகவே முதலில் சுரண்டல், பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவல், காய்ந்த பின் சுண்ணாம்பு அடித்தல் என்ற ஒழுங்கில் செய்யுங்கள். கூரைக் கிடுகு உக்கியிருந்தால் மாற்றுங்கள். பகலில் கதவைத் திறந்து வெயில் படவிடுங்கள். தீன் சட்டி, தண்ணீர்ச் சட்டிகளையும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மிஞ்சிய கோழிகளை இந்த நாட்களில் வேறொரு சிறு கூட்டிலோ குசினிப் பத்தியிலோ அடையுங்கள்.

தடுப்பு மருந்து பற்றி கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்பதற்கும் இதுவே தருணம். இந்த மருந்து குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டியது. பெரும்பாலும் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு, அதற்கும் மேலாக இருக்கும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். நாலு கோழி வைத்திருக்கும் ஒருவர் தனியே கேட்பதிலும் பார்க்க, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாகப் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக் கேட்டால் காரியம் நடக்கும். அயல் வீட்டுக் கோழிக்கு மருந்து இல்லை என்றால் உங்கள் கோழிக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

எப்படிப்பட்ட கோழியை வாங்குவது?

பல வீட்டுக் கோழிகளை ஒரே கூடையில் அடைத்துக் கொண்டுவரும் இடத்தில் வாங்குவதிலும் பார்க்க, தெரிந்த ஒரு வீட்டில் வாங்குவது நல்லது. அந்த வீட்டில் மற்றக் கோழிகள் எப்படி நிற்கின்றன என்று கண்ணால் பார்க்கலாம். அண்மையில் கோழி செத்ததா, தடுப்பு மருந்து கொடுத்ததா, எப்போது என்று கேட்கலாம்.

முட்டையிடுகிற கோழிக்குக் கொண்டை சிவந்து பெரிதாக இருக்கும். பின்புறத் துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். அதன் இரு பக்கத்திலும் உள்ள எலும்புகளுக்கு இடையில் இரண்டு விரல் வைக்கலாம். இறுகி ஒரு விரலும் போகாவிட்டால் இப்போது முட்டை இல்லை என்று அர்த்தம். செட்டையின் கீழும் பின்புறத்திலும் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் செதில் கிளம்பித் தடித்திருந்தால் அது ஒருவகை உண்ணியின் வேலை. மூச்சு விடும்போது கரகரப்பு இருந்தால் அந்தக் கோழி வேண்டாம்.

பண்ணைகளில் கழித்து விற்கும் முட்டைக்கோழிகள் மலிவாகக் கிடைக்கும். அவை பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் விற்கப்படுபவை; முட்டை குறையத் தொடங்கியதால் விற்கப்படுபவை. கம்பிக் கூட்டில் வளர்ந்தவற்றுக்குத் தடியில் ஏறவும் மேயவும் பருந்துக்கு ஒளிக்கவும் தெரியாது. அடையும் பெரும்பாலும் கிடக்காது. இன்னும் முட்டையிடத் தொடங்காத, நாலு ஐந்து மாத வயதுள்ள பேடு கிடைத்தால் அதுவே சிறந்தது.

ஒற்றைக் கோழி வாங்க வேண்டாம். பழையவை இரண்டு நிற்கும் இடத்தில் ஒன்றைத் தனியே கொண்டுவந்தால் எல்லாக் கொத்தும் அதற்குத்தான் விழும். இரண்டோ மூன்றோ ஒரே வீட்டில், ஒரே நாளில் வாங்குங்கள். முட்டைக்காக மட்டும் என்றால் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வைப்பதென்றால் எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும்.

முப்பது நாள் தனியாக

புதுக்கோழியை வளவின் மறுகோடியில், பழைய கூட்டிலிருந்து முடிந்தளவு தூரத்தில் வையுங்கள். நாலு தடியும் வலையும் மேலே கிடுகும் போதும். இரவில் மரநாய் கை விட முடியாதபடி சிறு கண் வலையாக இருக்கட்டும். அடியில் மண்ணைத் தோண்டி வராதபடி கல் அடுக்குங்கள். காலில் கயிறு கட்டித் தூணோடு விடும் வழக்கம் எங்களிடம் உண்டு. கயிறு காலை அறுக்கும், நாய் வந்தால் ஓட வழியும் இல்லை. அடைப்பே நல்லது.

தீன் சட்டியும் தண்ணீர்ச் சட்டியும் புதுக்கோழிக்கு வேறாக இருக்க வேண்டும். தினமும் பழைய கோழிக்குத் தீன் வைத்த பிறகே புதியதற்கு வையுங்கள். பிறகு கையையும் காலையும் செருப்பையும் கழுவுங்கள். பிள்ளைகளுக்கும் இந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுங்கள்.

முதல் நாள் தண்ணீரும் நிழலும்தான் முக்கியம். முதல் இரண்டு நாள் தீனைக் கிளறிவிட்டு நிற்கும், பயப்பட வேண்டாம். அது முன்பு தின்ற தீன் என்ன என்று விற்றவரிடம் கேட்டு, அதையே வைத்து, மெல்ல மெல்ல உங்கள் தீனுக்கு மாற்றுங்கள். பேன் இருந்தால், ஒரு மூலையில் காய்ந்த மண்ணோடு அடுப்புச் சாம்பலைக் கலந்து குவித்து விடுங்கள். கோழி தானே புரண்டு குளிக்கும். காலில் செதில் கிளம்பியிருந்தால் தேங்காயெண்ணெய் பூசி வாருங்கள். தடுப்பு மருந்து கொடுக்கப்படாத கோழி என்றால் இந்த நாட்களுக்குள் கொடுப்பியுங்கள். மருந்து வேலை செய்ய இரண்டு கிழமையளவு செல்லும்.

காலையில் கூட்டைத் திறக்கும்போது ஐந்தைப் பாருங்கள்: எழுந்து வருகிறதா, தீன் எடுக்கிறதா, எச்சத்தின் நிறம் என்ன, மூச்சில் சத்தம் உண்டா, கண்ணில் நீர் உண்டா. முப்பது நாளும் சுகமாக நின்றால் அது உங்கள் வீட்டுக் கோழி.

ஒன்றாக விடும் நாள்

கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் எந்தத் தடியில் இருப்பது என்று ஓர் ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டு ஆய்வாளர் தொர்லெய்ப் ஷெல்டெருப் எப்பே 1921ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதினார். எங்கள் பேத்தியார்மார் அதை எழுதாமலே அறிந்திருந்தார்கள். புதிய கோழி வந்தால் அந்த ஒழுங்கு குலையும். திரும்ப அமையும்வரை கொத்துச் சண்டை இருக்கும். தெரியாத இடத்தில், முன்பே இருந்தவர்களுக்கு நடுவில் முதல் நாட்கள் எப்படிப் போகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே முப்பது நாள் முடிந்ததும் அடைப்பைப் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு கிழமை பார்த்துப் பழகட்டும். பிறகு ஒரு நாள் பின்னேரம், கீரையையோ முருங்கையிலையையோ பரவலாகத் தூவி இரு பகுதியையும் வெளியில் விடுங்கள். ஒரு மணி நேரம் கிட்ட நின்று பாருங்கள். ஓடி ஒளிக்க ஒரு கடகமோ சாய்த்து வைத்த கிடுகோ அங்குமிங்கும் இருக்கட்டும். தீனும் தண்ணீரும் தூரத் தூர இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரே சட்டியென்றால் பலமான கோழி மற்றதைக் கிட்டவும் விடாது. சில நாள் இப்படிப் பழகிய பின், இருட்டிய பிறகு புதுக்கோழிகளைத் தூக்கிப் பழையவற்றுக்குப் பக்கத்தில் தடியில் இருத்துங்கள். மறுநாள் விடிய முதலே போய்க் கதவைத் திறவுங்கள்.

கொத்துவதும் துரத்துவதும் சில நாளில் அடங்கும். இரத்தம் கண்டால் மட்டும் தாமதிக்க வேண்டாம். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் சேர்ந்து கொத்தும். காயப்பட்டதைப் பிரித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, ஆறிய பின் விடுங்கள். ஒரே கோழிதான் ஓயாமல் அடிக்கிறது என்றால் அடிபடுவதைப் பிரிக்காமல், அடிப்பதை நாலைந்து நாள் பிரித்து வையுங்கள். திரும்பி வரும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

கடனைப் பற்றி

இனி அந்தச் சகோதரியின் கடைசிக் கேள்விக்கு வருவோம். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியும் இடம் மாறினால் முட்டையை நிறுத்தும். சில கோழி ஒரு கிழமையில் தொடங்கும், சில மூன்று நாலு கிழமை எடுக்கும். இறகு உதிர்க்கத் தொடங்கினால் இன்னும் செல்லும். கிழமைக் கடனின் முதல் தவணையோ ஏழாம் நாளே படலையில் வந்து நிற்கும். கோழி முட்டையிட முதல் நீங்கள் மூன்று நாலு தவணை கட்டியிருப்பீர்கள். எதை விற்றுக் கட்டுவது?

அதோடு தீனும் இருக்கிறது. அடைத்து வைக்கும் வளர்ந்த கோழிக்கு நாளுக்கு 110 கிராம் அளவு தீன் வேண்டும். நாலு கோழிக்கு முப்பது நாளில் 13 கிலோவுக்கு மேல் வரும். வருமானத்தையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டாம். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்குப் போகும். ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனமான முட்டைக்கோழி ஆண்டுக்கு 250க்கு மேல் இடும், ஆனால் அதற்கு முழுத்தீன் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

நுண்கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரியாததல்ல. 2018ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசு பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. நாலு கோழிக்காக அந்த வழியில் கால் வைக்க வேண்டாம்.

நாலுக்குப் பதிலாக இரண்டு பேடு கைக்காசில் வாங்குங்கள். சங்கத்துச் சேமிப்பிலிருந்து வட்டி குறைந்த கடன் கிடைக்குமா, முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளித் தருவார்களா என்று கேளுங்கள். அல்லது கோழி நிறைய வைத்திருக்கும் ஒருவரிடம் பேட்டைப் பங்குக்கு எடுத்து, பொரிக்கும் குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம். பேச்சை இருவரும் நாலு பேர் முன் பேசிக்கொள்ளுங்கள்.

கூட்டை ஆறவிட ஒரு மாதம், புதுக்கோழி தனியே நிற்க ஒரு மாதம். மொத்தம் இரண்டு மாதம். குஞ்சு வளர்க்கும் ஐந்தாறு மாதத்தோடு பார்த்தால் இது அதிகமில்லை. தனியே நிற்கும் மாதத்திலேயே பல கோழிகள் முட்டையிடவும் தொடங்கிவிடும்.

கிளிநொச்சி அக்காவிடம் இப்போது பதினான்கு கோழிகள் நிற்கின்றன. அடுத்த முறை இரண்டே இரண்டு பேடுதான் வாங்கினார். வளவின் கோடியில் அவர் அன்று கட்டிய சின்ன அடைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. புதிதாக எந்தக் கோழி வந்தாலும், சொந்தத் தங்கை வீட்டிலிருந்து வந்தாலும், முதலில் அதற்குள்தான்.

முல்லைத்தீவுச் சகோதரிக்கு: மூத்தவளின் ரியூசனை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் காசு பொறுக்க முடியுமா என்று ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்டால் பொறுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோழிகள் கூடு சேர்ந்ததும் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அடுத்த மாதம், அடைக்கு முட்டை தெரிவதும் இருபத்தொரு நாள் அடைக்கோழியைப் பார்ப்பதும் பற்றி எழுதுவோம்.